இயந்திரப் பாகங்களின் இலக்கத்தை முழுமையாக வாசிக்கப் பழக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தில் சிறு தொழில் நடத்துவோர் பலர் இப்போது கணினியால் இயங்கும் இயந்திரங்களை வாங்கத் தொடங்கியிருக்கின்றனர். கதவிலும் நிலையிலும் பூவேலை செதுக்கும் மரவேலை இயந்திரங்கள், இரும்புத் தகடு வெட்டும் இயந்திரங்கள், அரிசியையும் மாவையும் நிறுத்துப் பொதி செய்யும் இயந்திரங்கள் ஆகியவை நகரை அண்டிய பகுதிகளிலும் கந்தளாய்ப் பக்கத்திலும் வேலை செய்கின்றன. இவற்றின் உரிமையாளர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு வீண் செலவைப் பற்றியும், அதைத் தவிர்க்கும் வழியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். இயந்திரப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இது என் அன்றாட அனுபவத்தோடு தொடர்புடைய விடயம்.

இந்த இயந்திரங்களில் வெட்டும் தலையோ பொதியைத் தள்ளும் கையோ நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அதற்கென உருளும் குண்டுகள் கொண்ட பாகங்கள் இருக்கின்றன. உருண்டையான ஷாப்டின் மீது ஓடும் லீனியர் பெயாரிங், சதுர வடிவ ரெயிலின் மீது ஓடும் புளொக், மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு ஓட்டமாக மாற்றும் போல் ஸ்குரூ ஆகிய மூன்றுமே இவற்றில் முக்கியமானவை. இவை தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்குரிய பாகம் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். ஆகவே கேட்கும்போதே சரியான பாகத்தைக் கேட்பது அவசியம். சரியான பாகம் எது என்பது அதன் மீது பொறிக்கப்பட்ட இலக்கத்தில் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை முழுமையாக வாசிப்பவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த மூன்று இலக்கத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். முறை தெரிந்தவருக்கு அந்த இலக்கமே ஆளைப் பற்றிச் சொல்லிவிடும். இயந்திரப் பாகத்தின் இலக்கமும் இப்படித்தான் அமைந்துள்ளது. எந்த இடத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதற்கு ஒரு பொருள் உண்டு. நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கேட்டால் வேறு பாகம்தான் வந்து சேரும். (இலக்கங்கள் பாகங்களில் ஆங்கில எழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பத்திரிகை வாசகர்களுக்காக அவற்றை ஒலிக்கேற்பத் தமிழில் எழுதுகிறேன்.)

எளிமையானதிலிருந்து தொடங்கலாம். ஷாப்டில் ஓடும் பெயாரிங்குகளில் நம் நாட்டில் அதிகம் புழங்குவது எல்.எம். வரிசை. ‘எல்.எம். 20 யு.யு.’ என்றால், எல்.எம். என்பது வரிசையின் பெயர், 20 என்பது ஷாப்டின் விட்டம் மில்லிமீற்றரில், யு.யு. என்பது இரண்டு முனைகளிலும் இறப்பர் சீல் உண்டு என்பதற்கான குறி. ஒரு ‘யு’ மட்டும் இருந்தால் ஒரு முனையில் மட்டும் சீல் இருக்கும். இலக்கத்தின் இறுதியில் ஓ.பி. என்று வந்தால் பெயாரிங்கின் ஒரு பக்கம் வெட்டித் திறந்திருக்கும். அடியில் தாங்கி வைத்த ஷாப்டில் ஓடுவதற்கு உரியது அது. ஏ.ஜே. என்று வந்தால் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். இடைவெளியைச் சரிசெய்து இறுக்கலாம். எல்.எம்.எஃப். என்றால் வட்ட விளிம்பு, எல்.எம்.கே. என்றால் சதுர விளிம்பு. இலக்கத்துக்குப் பின் ‘எல்’ சேர்ந்தால் நீளமான வகை. இவ்வளவையும் ஒரு மாணவனுக்கு அரை மணி நேரத்தில் கற்பித்துவிடலாம்.

சிக்கல் தொடங்குவது எல்.எம்.இ. என்ற இன்னொரு வரிசையில். எல்.எம். ஆசிய அளவுகளைக் கொண்டது, எல்.எம்.இ. ஐரோப்பிய அளவுகளைக் கொண்டது. இரண்டிலும் ஷாப்ட் அளவு ஒன்றே. வெளி அளவுகள் வேறு. எல்.எம். 20 பெயாரிங்கின் வெளிவிட்டம் 32 மி.மீ., நீளம் 42 மி.மீ.; எல்.எம்.இ. 20 பெயாரிங்கின் வெளிவிட்டமும் 32 தான், ஆனால் நீளம் 45. ஆகவே துளைக்குள் அது சரியாக இறங்கும். ஆனால் பூட்டு வளையம் போடும் இடத்துக்கு வந்ததும் 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 12 அளவில் எல்.எம். வெளிவிட்டம் 21, எல்.எம்.இ. 22, துளைக்குள் போகவே போகாது. 16 அளவில் நிலைமை எதிர்மாறானது. எல்.எம். வெளிவிட்டம் 28, எல்.எம்.இ. 26, துளைக்குள் போட்டால் தளர்ந்து ஆடும். இந்தக் கடைசி வகைதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் போகாத பாகத்தைத் திருப்பி அனுப்புவார்கள், ஆடும் பாகத்தை எப்படியாவது பொருத்தப் பார்ப்பார்கள்.

கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் பொதி செய்யும் இயந்திரத்தைக் கழற்றியபோது இதை நேரில் கண்டேன். 28 மி.மீ. துளைக்குள் 26 மி.மீ. பெயாரிங்கை வைத்து, இடைவெளியை நிரப்பத் தகரத்தை வளைத்துச் சுற்றியிருந்தார்கள். தகரத்தின் மூட்டு வந்த பக்கத்தில் பெயாரிங்கின் உறை உள்நோக்கி நெரிந்திருந்தது. அந்தக் கோட்டில் ஓடிய குண்டுகள் ஷாப்டில் நகத்தால் தடவினால் உணரக்கூடிய பள்ளத்தைத் தோண்டியிருந்தன. பெயாரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு ஷாப்டையும் சேர்த்துக்கொண்டது. வாங்கிய சிட்டையில் எழுதியிருந்தது ‘16 லீனியர் பெயாரிங்’ என்பது மட்டுமே. ஆலைக்காரரிடம் கையில் இருந்த பழைய பாகத்தில் முழு இலக்கமும் தெளிவாக இருந்தது. அதை யாரும் பிரதி எடுத்து அனுப்பவில்லை.

ஐரோப்பிய நிறுவனங்களின் பெயாரிங்குகளில் எழுத்துகள் வேறு. எஸ்.கே.எஃப். நிறுவனத்தில் எல்.பி.பி.ஆர். என்பது மெல்லிய வகை, எல்.பி.சி.ஆர். என்பது தடித்த வகை. 20 மி.மீ. ஷாப்டுக்கு முதலாவதன் வெளிவிட்டம் 28, நீளம் 30; இரண்டாவதன் அளவு 32, 45. ஐ.என்.ஏ. நிறுவனத்தில் இவையே முறையே கே.எச்., கே.பி. என்று வரும். இந்த அளவுகளை ஐ.எஸ்.ஓ. 10285 என்ற சர்வதேசத் தரம் வரையறுத்திருக்கிறது. ஆனால் தரம் அளவுகளை வரையறுத்ததே தவிர, எழுத்துகளை ஒவ்வொரு நிறுவனத்திடமும் விட்டுவிட்டது. சுழலும் சாதாரண பெயாரிங்கில் 6205 என்று எந்த நாட்டுப் பெட்டியில் எழுதியிருந்தாலும் உள்விட்டம் 25 மி.மீ. தான்; கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம் என்று நம் மோட்டார் கராஜ் பையன்களுக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நேர்கோட்டுப் பாகங்களிலும் ஒரே முறை உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு பொது முறை இல்லை. நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி ரெயிலும் புளொக்கும். ஜப்பானிய ரி.எச்.கே. நிறுவனம் 1972இல் இவ்வகை ரெயில் வழியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நாட்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. சிறு இயந்திரங்களில் நான் அடிக்கடி காண்பது தாய்வானின் ஹைவின் நிறுவனப் பாகங்களும் அவற்றின் அமைப்பை ஒட்டிச் செய்யப்பட்டவையும் ஆகும். எனவே ஹைவின் இலக்கம் ஒன்றையே விளக்குகிறேன்.

‘எச்.ஜி.டபிள்யூ. 25 சி.சி. 2 ஆர் 1600 இசட்.ஏ. எச்.’ என்று ஒரு கட்டளையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எச்.ஜி. என்பது வரிசை. டபிள்யூ என்பது புளொக் இரு பக்கமும் விளிம்பு உடையது என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் எச் இருந்தால் விளிம்பில்லாத சதுர புளொக். 25 என்பது அளவு. அடுத்த ‘சி’ அது அதிக சுமைக்கான வழக்கமான நீளம் என்பதைக் காட்டும். அங்கே ‘எச்’ இருந்தால் இன்னும் நீண்ட, இன்னும் அதிக சுமை தாங்கும் புளொக். அதற்கடுத்த ‘சி’ போல்ட்டை மேலிருந்தும் கீழிருந்தும் பூட்டலாம் என்பதற்கு. ‘ஏ’ என்றால் மேலிருந்து மட்டும். 2 என்பது ஒரு ரெயிலுக்கு எத்தனை புளொக் என்பது. ‘ஆர்’ ரெயிலை மேலிருந்து போல்ட் இட்டுப் பூட்டும் வகை. ‘ரி’ என்றால் அடியிலிருந்து. 1600 ரெயிலின் நீளம், மி.மீ. கணக்கில். ‘இசட்.ஏ.’ முன்னிறுக்கத்தின், அதாவது புளொக்கின் குண்டுகளை ரெயிலோடு முன்கூட்டியே இறுக்கி வைப்பதன், அளவு. கடைசி ‘எச்’ துல்லியத் தரம். இரு ரெயில்களை இணையாகச் சேர்த்துத் தர வேண்டுமானால் இறுதியில் உரோம இலக்கத்தில் இரண்டு என்று வரும். அதன் பின் தூசி தடுப்புக்கான எழுத்துகள் வரும்.

இதில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் தருவதைக் கவனிக்க வேண்டும். ‘எச்.ஜி.எச். 25 எச்.ஏ. இசட்.ஏ. எச்.’ என்ற புளொக்கில் ‘எச்’ நான்கு இடங்களில் நிற்கிறது. முதலாவது வரிசைப் பெயரின் பகுதி, இரண்டாவது சதுர வடிவம், மூன்றாவது மிகை சுமை, நான்காவது உயர் துல்லியம். தொலைபேசியில் ஒருவர் இதை வாசித்துச் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ளும்போது நடுவிலுள்ள ‘எச்’ ஒன்று விடுபட்டால், வருகிற புளொக் நீளத்தில் குறைந்ததாக இருக்கும். கடைசி ‘எச்’ விடுபட்டால், வழக்கமான துல்லியத் தரத்தில் வரும். 25 அளவில் உயர் தரத்தின் உயர வேறுபாடு கூடுதல் குறைவாக 0.04 மி.மீ., வழக்கமான தரத்தில் அது 0.1 மி.மீ. மரப் பூவேலைக்கு இது பெரிய விடயமில்லை. அலுமினிய அச்சு வெட்டுபவருக்கு இது பெரிய விடயம்.

இனி அளவைப் பற்றி. 25 அளவு ரெயிலின் மேற்பக்க அகலத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்தால் 23 மி.மீ. தான் வரும். 15, 20, 45 ஆகிய அளவுகளில் இலக்கமும் அகலமும் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் 25க்கு 23, 30க்கு 28, 35க்கு 34, 55க்கு 53, 65க்கு 63 என்று மாறுகிறது. அளந்தவர் பிழையாக அளக்கவில்லை; அந்த இலக்கம் அளவின் பெயரே தவிர அகலத்தின் கணக்கு அல்ல. மரவேலைக் கூடம் வைத்திருக்கும் ஒருவர், ரெயிலை மிகக் கவனமாக அளந்து, கடைக்குத் தொலைபேசியில் ‘23 அளவு புளொக் வேண்டும்’ என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்று கடைக்காரர் சொல்ல, 20 என்பதா 25 என்பதா என்ற குழப்பம் இருவருக்கும். இறுதியில் 25 என்று முடிவுசெய்து பார்சல் பஸ்ஸில் வந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் வரிசை பிழைத்துவிட்டது.

வந்தது எச்.ஜி. அல்ல, இ.ஜி. வரிசை. இரண்டின் ரெயில் அகலமும் 23 மி.மீ.; ஆனால் எச்.ஜி. ரெயிலின் உயரம் 22 மி.மீ., இ.ஜி. ரெயிலின் உயரம் 18 மி.மீ. புளொக்குடன் சேர்த்து மொத்த உயரம், எச்.ஜி. சதுர வகையில் 40, விளிம்பு வகையில் 36, இ.ஜி. வகையில் 33. குண்டு ஓடும் பள்ளங்கள் இரண்டிலும் வெவ்வேறு மட்டத்தில் இருப்பதால் புதிய புளொக் பழைய ரெயிலில் ஏறவே இல்லை. இதற்கிடையில் பையன் ஒருவன் புளொக்கோடு வந்த பிளாஸ்டிக் துண்டை உருவிவிட்டு இழுத்துப் பார்த்ததில் சில குண்டுகள் மரத்தூளுக்குள் சிதறின. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கட்டளையில் வரிசையின் எழுத்துகளே இல்லை.

அந்த இயந்திரத்தின் பழைய புளொக்கின் பக்கவாட்டில் மரத்தூளும் கிறீஸும் கலந்து கறுத்த பூச்சாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்ததும் நிறுவனப் பெயரும், வரிசையும், அளவும், எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே தொடர் இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பியதும் சரியான பாகம் எது என்று அவர்களே சொன்னார்கள். வேணியரைக் கையில் எடுக்கும் முன் துணியைக் கையில் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் நான் சொல்லிவருகிறேன்.

முன்னிறுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இறுக்கமாக இருந்தால் நல்லது’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஹைவின் முறையில் இசட் பூச்சியம் என்பது மிகக் குறைந்த இறுக்கம், எச்.ஜி. வரிசையில் புளொக்கின் இயங்கு சுமைத் தகுதியில் (ஓடும்போது தாங்கும் சுமைக்குப் பட்டியலில் தரும் கணக்கில்) 2 சதவீதத்துக்குள் அடங்கும். இசட்.ஏ. என்பது 5 முதல் 7 சதவீதம், இசட்.பி. என்பது 10 முதல் 12 சதவீதம். இசட்.பி. அதிர்வு மிக்க கனமான வெட்டு வேலைக்கு உரியது. அதைத் தளம் சரியாகச் சீவப்படாத, பற்றவைத்த இரும்புச் சட்டத்தில் பூட்டினால், ரெயில் வளைந்த இடமெல்லாம் புளொக் இறுகும், மோட்டார் திணறும், குண்டுகள் சீக்கிரம் உரியும். மேலும், புளொக்கை மட்டும் தனியே வாங்கிப் பழைய ரெயிலில் மாற்றக்கூடிய வகையில் இசட் பூச்சியமும் இசட்.ஏ.யும் மட்டுமே கிடைக்கும், இசட்.பி. என்றால் ரெயிலோடு சேர்த்துப் பொருத்திய தொகுதியாகவே வாங்க வேண்டும்.

ரி.எச்.கே. முறையில் இதே விடயம் வேறு எழுத்துகளில் வருகிறது. ‘எச்.எஸ்.ஆர். 25 ஏ 2 யு.யு. சி 1 கூட்டல் 1240 எல் பி’ என்றால், 25 அளவில் ‘ஏ’ வகை விளிம்புள்ள புளொக் இரண்டு, இரு முனைகளிலும் சீல், இலேசான முன்னிறுக்கம், 1240 மி.மீ. ரெயில், ‘பி’ துல்லியத் தரம் என்று பொருள். சி 0 என்பது நடுத்தர முன்னிறுக்கம். குறியே இல்லாவிட்டால் வழக்கமான இடைவெளி. ஆகவே இங்கே குறி இல்லாததும் ஒரு செய்தி. இதே ‘சி’ போல் ஸ்குரூவில் வந்தால் அது துல்லியத் தரம். சி 7 என்றால் 300 மி.மீ. ஓட்டத்தில் 0.05 மி.மீ. வரை பிழை அனுமதி, சி 10 என்றால் 0.21 மி.மீ. வரை. சுழலும் பெயாரிங்கில் சி 3 என்று வந்தால் வழக்கத்தை விட அதிக உள் இடைவெளி. ஒரே இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் எழுதும் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரே கடதாசியில் இந்த மூன்று ‘சி’க்களையும் எழுத நேரிடலாம். அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அவர் எப்படி அறிவார்?

எச்.எஸ்.ஆர். 25 விளிம்பு புளொக்கும் எச்.ஜி.டபிள்யூ. 25 புளொக்கும் உயரத்திலும் போல்ட் துளை இடைவெளியிலும் ஒத்துப்போகின்றன. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பூட்டலாம். ஆனால் ரெயிலோடு சேர்த்துத்தான் பூட்ட வேண்டும். ஒரு நிறுவனத்தின் புளொக்கை மற்ற நிறுவனத்தின் ரெயிலில் ஓட்டுவது கூடாது. அப்படி முழுத் தொகுதியாக மாற்றுவோர் விலைப்பட்டியலிலுள்ள சுமைத் தகுதியை ஒப்பிடும்போது அது 50 கி.மீ. ஓட்டத்துக்குக் கணித்ததா 100 கி.மீ. ஓட்டத்துக்குக் கணித்ததா என்பதையும் பார்க்க வேண்டும். குண்டு வகையில் 100 கி.மீ. கணக்கின் தொகையை 1.26ஆல் பெருக்கினால் 50 கி.மீ. கணக்கின் தொகை வரும். இதைப் பாராமல் ஒப்பிடுவோர் ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றதை விட வலுவானது என்று பிழையாக எண்ணிவிடுவர்.

வேறு சில நிறுவனங்களின் இலக்கத்தில் அளவு வெளிப்படையாகவே தெரியாது. பொஷ் ரெக்ஸ்றோத் நிறுவனத்தின் நீண்ட இலக்கத்தில் 20 அளவுக்கு 8 என்றும், 25 அளவுக்கு 2 என்றும், 30 அளவுக்கு 7 என்றும் ஒரு இலக்கம் நிற்கும். பட்டியல் கையில் இல்லாமல் ஊகித்து வாசிக்க முயலக் கூடாது. அப்படியே பிரதி எடுத்து அனுப்புவதே சரி.

ரெயிலின் நீளத்தை எழுதுவோர் இன்னொன்றையும் எழுத வேண்டும். எச்.ஜி. 25 ரெயிலில் துளைகள் 60 மி.மீ.க்கு ஒன்றாக வரும். 1600 மி.மீ. ரெயிலில் 27 துளைகள். முதல் துளை முனையிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கும். இயந்திரத்தின் சட்டத்தில் ஏற்கெனவே துளையிட்டிருப்பவர்கள், முனையிலிருந்து முதல் துளை வரையுள்ள தூரத்தைச் சொல்லாமல் நீளத்தை மட்டும் சொன்னால், வரும் ரெயிலின் துளைகள் ஒன்றுகூடப் பொருந்தாமல் போகலாம். இணையாக இரு ரெயில்கள் வந்தால் அவற்றின் தொடர் இலக்கத்தையும் பார்க்க வேண்டும். ரி.எச்.கே. ரெயில்களில் ஒரே தளத்தில் பூட்ட வேண்டியவற்றுக்கு ஒரே தொடர் இலக்கம் இருக்கும், அவற்றில் கே.பி. என்று குறித்திருப்பதே முதன்மை ரெயில், அதைத்தான் முதலில் நேராக்கிப் பூட்ட வேண்டும்.

போல் ஸ்குரூவில் இலக்கம் குறுகியது, பிழையின் விளைவு பெரியது. 2505 என்றால் 25 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. முன்னேற்றம். 2510 என்றால் அதே விட்டத்தில் 10 மி.மீ. முன்னேற்றம். தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. 2505க்குப் பதில் 2510ஐப் பூட்டினால், கணினி 100 மி.மீ. போகச் சொன்னால் இயந்திரம் 200 மி.மீ. போய் முனையில் மோதும். கட்டுப்பாட்டு எண்ணை மாற்றி ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம், ஆனால் அதே விசைக்கு மோட்டார் இரு மடங்கு முறுக்குவிசை தர வேண்டியிருக்கும்.

நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இலக்கத்தின் கடைசி எழுத்துகளைப் பற்றியது. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீனக்குடாப் பக்கத்திலும் திறந்த கொட்டகையில் வைத்த இயந்திரத்தின் ரெயில், சில வாரங்கள் எண்ணெய் இடாமல் விட்டால், துளைகளின் ஓரத்தில் செந்நிறமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ரி.எச்.கே. முறையில் ‘எம்’ என்ற எழுத்து துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கிறது. ஹைவின் முறையில் எச்.ஜி. புளொக்குக்கு எந்தத் தூசி எழுத்தும் இல்லாவிட்டால் முனை சீலும் அடி சீலும் மட்டும் இருக்கும்; இசட்.இசட். என்றால் அவற்றோடு உலோகச் சுரண்டித் தகடு சேரும், டி.டி. என்றால் இரட்டைச் சீல், கே.கே. என்றால் இரட்டைச் சீலும் சுரண்டியும் இரண்டும் உண்டு. மரத்தூளும் உப்புக் காற்றும் சேர்ந்த இடத்தில் இந்த எழுத்துகளுக்காகக் கொடுக்கும் மேலதிக விலை வீண் போகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆனால் ‘புளொக் 25, நான்கு’ என்று எழுதும் கட்டளையில் முதலில் விடுபடுவது இந்த எழுத்துகள்தான்.

பெரிய ஆலைகளில் இவற்றைப் பார்க்கப் பொறியியலாளர்கள் இருப்பார்கள். சிறு தொழிலகத்தில் கட்டளை எழுதுபவர் உரிமையாளரோ, அவரது மகனோ, அண்மையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளைஞரோ ஆவார். அந்த இளைஞரிடம் லேத்தைக் கொடுத்தால் நன்றாக வேலை செய்வார், வரைபடம் வாசிப்பார். பாக இலக்கத்தை வாசிக்க அவருக்குப் பயிற்சி கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் ஆங்கிலப் பட்டியலின் ஒரு பக்கத்தைக் காட்டியதோடு முடிந்திருக்கும். தமிழில் இதை விளக்கும் ஒரு கையேட்டை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே திருகோணமலையில் தொழிற்பயிற்சி அளிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களிடம் இரு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். இயந்திரப் பராமரிப்புப் பாடநெறிகளில் உதிரிப்பாக இலக்கம் வாசித்தலைச் செய்முறைப் பாடமாகச் சேர்க்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த உபகரணம் எதுவும் தேவையில்லை, தொழிலகங்கள் கழித்துவிடும் தேய்ந்த புளொக்குகளும் பெயாரிங்குகளும் போதும். நாங்கள் கழற்றும் பழைய பாகங்களைச் சேகரித்துக் கொடுக்க என்னைப் போன்ற பலர் ஆயத்தமாக இருக்கிறோம். இரண்டாவதாக, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைத் துடைத்து, இலக்கத்தைப் பிரதி செய்து, ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று தமிழில் எழுதி, நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே தேர்ச்சி பெற்றவராகக் கருதப்பட வேண்டும்.

உதிரிப்பாகம் விற்போரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சிட்டையிலும் விலைமனுவிலும் நிறுவனப் பெயருடன் முழு இலக்கத்தையும் எழுதுங்கள். வாங்குபவர் அரைகுறையாகக் கேட்டால் பழைய பாகத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அது வரும் வரை பொருளை அனுப்பாதீர்கள். தொழிலக உரிமையாளர்கள் இயந்திரம் புதிதாக வந்த நாளிலேயே, தூசி படியும் முன், ஒவ்வொரு புளொக்கையும் ரெயிலையும் ஸ்குரூவையும் படம் எடுத்து இயந்திரத்தின் கோவையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரெயிலின் முனையில் பொறித்த எழுத்துகள் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் இயந்திரங்களில் அதைப் பொருத்துபவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிறகு அதைப் பார்ப்பதற்காக இயந்திரத்தைக் கழற்ற வேண்டி வரும்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்பாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.